மௌன அஞ்சலியில் ஒரு கூப்பாடு

பெற்ற பிள்ளையை முதல் தடவையிலேயே சரியான பெயர் சொல்லிக் கூப்பிடும் அம்மா ஒருத்தியையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. தங்கச்சியின் பெயர், பூனையின் பெயர் எல்லாம் வந்த பிறகுதான் பிள்ளையின் பெயர் வரும். வீட்டுக்குள் என்றால் பரவாயில்லை. நான் இந்தப் பிழையை விட்டது போரில் இறந்த வீரர்களுக்கான மௌன அஞ்சலியில், கடற்படை அதிகாரிகளுக்கு முன்னால்.

உப்புவெளியில் வீதியோரமாக, உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. நினைவுநாளுக்கு எங்கள் பாடசாலை மாணவிகளை அங்கே கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு வந்தது. அன்றைக்கென்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக். நாலு வயது மகள் மதுராவையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

"டீச்சர், அந்த ரெண்டு நிமிசமும் ஒரு தும்மல் சத்தமும் கேக்கக்கூடாது," என்றார் பாடசாலை அதிபர்.

(என்னிடம் போய்! பஸ்ஸில் பக்கத்து ஆள் இருமினாலே மன்னிப்புக் கேட்கிறவள் நான்.)

மாணவிகள் எல்லோருக்கும் இஞ்சி டொபி கொடுத்தேன். போனை நிறுத்தினேன். நிறுத்தினேனா என்று பார்க்கத் திரும்பப் போட்டு, மறுபடியும் நிறுத்தினேன். மதுராவின் சப்பாத்து நடக்க நடக்க 'கீக் கீக்' என்று கத்தும். அதை வாசலிலேயே கழற்றி என் பைக்குள் வைத்துவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த நாட்டில் நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. கொழும்புக்குப் போகும் வழியெல்லாம், துவக்கோடு நிற்கும் சிப்பாய்ச் சிலைகளுக்கு மதுரா கைகாட்டிக்கொண்டே வருவாள்.

"அது ஆர் அம்மா?"

"ஆரோ ஒரு அம்மாட பிள்ளை."

வேறென்ன சொல்வது? என் தம்பி ரகுவுக்குக் கல் இல்லை. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் டியூசனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அலுமாரிக்கு மேலே அவனுடைய படம் இருக்கிறது. அதற்கு மாலை போட அம்மா விடவில்லை. அவன் பெயரை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மதுராகூட 'ரகு மாமா' என்பதை மெதுவாகத்தான் சொல்வாள்.

எக்காளம் ஊதி ஓய்ந்தது. எல்லோரும் தலைகுனிந்தோம். கடைக்கண்ணால் பக்கத்தில் பார்த்தேன். மதுரா இல்லை.

சப்பாத்து என் பைக்குள் இருந்தது. வெறுங்காலுக்கு ஏது சத்தம்?

தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் சுழற்றினேன். வரிசை வரிசையாகக் கற்கள், இடையிடையே பூச்செடிகள். கூப்பிடலாமா? கூடாது. வாசல் திறந்திருக்கிறதே, வீதிக்குப் போயிருப்பாளோ? அதிபர் என்னைத்தான் பார்க்கிறாரோ? அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லொறி ஹோன் அடித்தது.

"ரகூஊஊ!" மதுரா என்று கத்த வாயெடுத்தால் இதுதான் வந்தது.

முந்தியெல்லாம் கடலில் குளித்துக்கொண்டிருக்கும் அவனைச் சோற்றுக்குக் கூப்பிடுவது அக்காவான என் வேலை. அந்தத் தொண்டை அப்படியே இருந்திருக்கிறது. எக்காளக்காரர் அதைக் கட்டளை என்று நினைத்தாரோ என்னவோ, உடனே ஊதிவிட்டார். மௌனம் பாதியிலேயே முடிந்தது.

கடைசி வரிசையில், பூச்செடிகளுக்குள் இருந்து மதுரா எழும்பினாள்.

"அம்மா, ரகு மாமா இஞ்ச இல்லை. நான்தான் இருக்கிறன்."

அதிபர் விறுவிறுவென்று வந்தார். "ஆரைக் கூப்பிட்டனீங்கள், டீச்சர்?"

"என்ட தம்பியை, மிஸ்."

திட்டுவதற்கு இழுத்த மூச்சை அவர் அப்படியே விட்டார்.

அம்மம்மாவிடம் சொல்லக்கூடாது என்று ஓட்டோவில் வரும்போதே மதுராவிடம் சத்தியம் வாங்கினேன். வாசற்படி ஏறும்வரை அவள் அதைக் காப்பாற்றினாள்.

"அம்மம்மா! அம்மா ரகு மாமாவைப் பெரிய சத்தமாக் கூப்பிட்டவ. மாமா வரேல்லை."

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எத்தினை தரம் கூப்பிட்டவ?"

"ஒருக்கா."

"ஒருக்காக் கூப்பிட்டு அவன் எப்ப வந்தவன்!" என்று அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே, நான் கத்தியைக் கேட்டும் தராமல், மிச்ச வெங்காயம் முழுவதையும் தானே உரித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் சாவியோ, மூக்குக்கண்ணாடியோ, மதுராவின் ஒற்றைச் செருப்போ எது காணாமல் போனாலும், எங்களில் ஒருவர் "ரகூ!" என்று கத்துவார். எந்த அறையில் இருந்தாலும் அம்மாவிடமிருந்து பதில் வரும்.

"இன்னொருக்காக் கூப்பிடு."