தாய்மாமன் தின்ற மண்

தலைமுடி கொட்டத் தொடங்கிய ஆண்மகனிடம் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். என்னிடம் விற்றது மண். மிகைப்படுத்தவில்லை, மண்ணேதான். டப்பாவின் மேலேயே 'டயாட்டம் மண்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்து, பொருள் விளங்கி, அதன் பிறகுதான் தின்றேன். (தாவரவியல் பட்டதாரி. விவரம் தெரியாமல் எதையும் வாயில் போட மாட்டேன்.)

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பசுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. முன்நெற்றி மட்டும் யாரையும் கேட்காமல் பின்வாங்கிக்கொண்டே போனது. இதைக் கவனித்த என் கல்லூரித் தோழன் பாஸ்கர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் நடந்த கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"வாங்கணும்னு கட்டாயம் இல்ல மாப்ள. சும்மா வந்து உக்காரு. டீ, பிஸ்கட் உண்டு" என்றான்.

பங்குனி வெயிலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு ஒருவர் பேசினார். ஒரு காலத்தில் ஏரியிலும் கடலிலும் வாழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து இந்த வெள்ளைப் பொடி ஆகியிருக்கிறதாம். தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் முடி, நகம், எலும்பு மூன்றும் உறுதிப்படுமாம். குடலைத் துடைத்து எடுத்துவிடுமாம். இதே பொடி எறும்பைக் கொல்லும், தானியத்தில் வண்டு விழாமல் காக்கும், நீச்சல் குளத்துத் தண்ணீரை வடிகட்டும், டைனமைட் வெடியில்கூட இதைத்தான் கலந்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

டைனமைட் என்ற இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் 'டயாட்டம்' என்று சொல்லிவிட்டாரே! மூன்று வருடம் நான் படித்த படிப்பில், கல்லூரிக்கு வெளியே ஒரு மனிதர் வாயால் நான் கேட்ட ஒரே பாடச்சொல் அதுதான். பரீட்சைக்கு அதன் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான். எழுந்து நின்று, அது எப்படிப்பட்ட பாசி, அதன் ஓடு எதனால் ஆனது என்று ஹாலுக்கே பாடம் நடத்திவிட்டேன். கோட்டுக்காரர் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் வாங்கிய பிறகு டப்பா வாங்காமல் எப்படித் திரும்புவது? இரண்டாக வாங்கினேன்.

வீட்டில் அந்தப் பொடி வேலை செய்யாத இடமே இல்லை. சமையல்கட்டில் எறும்பு வரிசைமேல் அம்மா தூவினாள், மறுநாள் எறும்பு இல்லை. துவரம்பருப்பு டின்னில் ஒரு கை போட்டு வைத்தாள், வண்டு விழவில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, பித்தளைக் குத்துவிளக்கை அதை வைத்துத் தேய்த்தார், பளபளத்தது. என் ஷூவுக்குள் கொஞ்சம் கொட்டியதில் நாற்றம்கூடப் போனது. என் தலையில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

"எறும்பு சாகுற பொடிய நீ ஏன்டா திங்குற?" என்று அம்மா கேட்டாள்.

"அது விஷம் இல்லம்மா. எறும்பு மேல இருக்க எண்ணெய்ப் பசைய உறிஞ்சி, அதைக் காய வச்சிரும். அதுலதான் சாகுது. மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது."

"எறும்பக் காய வைக்கும், உன்னைய மட்டும் காய வைக்காதாக்கும்?"

டைனமைட் விஷயத்தை அப்பாவிடம் நான்தான் உளறியிருந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கெணத்துக்கு வெடி வைக்கிற சாமானை வயித்துக்குள்ள போடுறான். எதுக்கும் அடுப்புக்கிட்ட விடாத" என்றார்.

அறிவியல் புரியாத குடும்பத்தில் பிறந்துவிட்டோமே என்று வருந்தினேன்.

இந்த நேரத்தில்தான் அக்கா மகள் காவ்யாவுக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மொட்டையும் அந்த மடியில்தான், காது குத்துவதும் அந்த மடியில்தான். அதைத் தகப்பன் வழி ஆள் எவனாவது செய்தால், பெண்ணைப் பெற்ற வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நான் ஒரே ஆண்பிள்ளை. அப்பாவுக்கும் கூடப் பிறந்தவர்கள் கிடையாது, அதனால் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று மாற்று மாமனும் இல்லை. அக்காவின் மாமியார் எதற்கெடுத்தாலும் "ஒங்க வீட்டுல ஆளு இருக்கா, அம்பு இருக்கா?" என்று குத்திக்காட்டுகிறவர். ஆகவே அக்கா போன் செய்து ஒன்றுதான் சொன்னாள்.

"தம்பி, நீ சீரு எம்புட்டுக் கொண்டாறேங்கிறது எனக்கு முக்கியமில்ல. அவளை மடியில வச்சு நீ கம்பீரமா உக்காரணும். அதை எங்க மாமியா பாக்கணும்."

கம்பீரம் என்றதும் எனக்கு என் நெற்றிதான் ஞாபகம் வந்தது. ஃபிளெக்ஸ் பேனர் புதிதாக வந்திருந்த காலம். டி. கல்லுப்பட்டியைத் தாண்டி, அக்கா புகுந்த வீட்டின் குலசாமி கோயிலுக்குத் திரும்பும் விலக்கில், என் படத்தைப் போட்டு 'தாய்மாமன் ரவிச்சந்திரன், பி.எஸ்ஸி.' என்று பேனர் வைக்கப்போவதாக மச்சான் சொல்லியிருந்தார். வீடியோ வேறு எடுக்கிறார்கள். அதற்குள் நான்கு முடியாவது முளைத்தாக வேண்டும் என்று ஒரு ஸ்பூனை மூன்றாக்கினேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தால் செய்தி. நான் அதைக் கெட்டித் தயிரில் பிசைந்து சாப்பிட்டேன்.

விளைவை நாகரிகமாகச் சொல்வதென்றால், போக்குவரத்து நின்றது. விசேஷத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது நின்றது, பிறகு அசையவே இல்லை. வயிறு சிமெண்டு மூட்டையாகிவிட்டது. கழிப்பறையில் நான் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு ஒரு எம்.எஸ்ஸி. படித்திருக்கலாம்.

விசேஷத்துக்கு முதல் நாள் காலையில் அம்மாவிடம் சொன்னேன். விளக்கெண்ணெய் கொடுத்தாள். மதியம் வரை ஒன்றுமில்லை. அப்பாவிடம் சொன்னேன். பேதி மாத்திரை வாங்கி வந்தார். அதுவும் வேலை செய்யவில்லை. சாயங்காலம் பாஸ்கருக்குப் போன் போட்டேன். "அது உள்ள வேலை பாக்குது மாப்ள. இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டு, சுடுதண்ணி குடி" என்றான். குடித்தேன். போதாக்குறைக்கு நானே ஒரு கடுக்காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். இவர்கள் யாருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. எனக்கு மட்டும் எல்லாம் தெரியும், நான்தான் பட்டதாரி.

மறுநாள் காலையிலும் வயிறு கல்லாகவே இருந்தது. உள்ளபடி எனக்கு நிம்மதிதான். பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு சீர்த்தட்டுகள் முன்னே போக, என் பேனரை நானே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தேன். (பேனரில் எனக்கு முடி இருந்தது. ஸ்டுடியோக்காரர் வரைந்து விட்டிருந்தார்.) மொட்டை அடிக்கும்வரை பாப்பாவை மடியில் வைத்துக் கம்பீரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமியாரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மொட்டைத்தலையில் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசிப் பாப்பாவைத் தூக்கி வருவதற்குள், வெயிலில் வாடிய தாய்மாமனுக்கு யாரோ ஒரு புண்ணியவான் நன்னாரி சர்பத் கொடுத்தார். ஐஸ் போட்டது. பெரிய கிளாஸ். ஒரே மடக்கில் குடித்தேன்.

நான் உட்கார்ந்திருந்த மனைப் பலகைக்கு எதிரே, காது குத்தும் ஆசாரி உட்கார்ந்தார். பாப்பா மறுபடி என் மடிக்கு வந்தாள். மேளம் முழங்கியது. ஆசாரி இடது காதில் கம்பியை ஏற்றினார். பாப்பா வீறிட்டாள். அந்த ஓசைக்காகவே காத்திருந்ததைப் போல என் வயிற்றுக்குள் விளக்கெண்ணெய், மாத்திரை, கடுக்காய், சர்பத் நான்கும் ஒரே சமயத்தில் எழுந்து புறப்பட்டன.

யோசிக்க நேரமில்லை. மடியில் பிள்ளை, உடம்பில் பட்டு வேட்டி, எதிரே வீடியோ. பக்கத்தில் வாழைப்பழத்தைக் காட்டிப் பாப்பாவைச் சமாதானம் செய்துகொண்டிருந்தது மச்சானின் தம்பி செல்வம், அதாவது பாப்பாவின் சித்தப்பா. "மாப்ள, பிடி!" என்று பிள்ளையை அவன் கையில் திணித்தேன். சீர்த்தட்டிலிருந்து நான் கொண்டுவந்த புதுச் செம்பையே தூக்கிக்கொண்டேன். தண்ணீர் அண்டாவில் ஒரு முக்கு முக்கி, கருவேலங்காட்டைப் பார்த்து ஓடினேன். கழுத்தில் மாலை கிடந்தது.

அங்கே நடந்ததைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பட்டு வேட்டி தப்பித்தது, மானம் தப்பிக்கவில்லை. ஏனென்றால் நான் ஒதுங்கிய மரத்தின் உச்சியில்தான் மைக்செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார். திடீரென்று அது என் தலைக்கு மேலே உறுமியது.

"தாய்மாமன் திரு. ரவிச்சந்திரன், பி.எஸ்ஸி. அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மனைக்கு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

எங்கிருந்தாலுமாம்! மறுபடியும் மறுபடியும் சொன்னார். ஒரு தடவைகூடப் பட்டத்தை விடவில்லை. "வாரேன்யா!" என்று நானும் மரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தேன். எழுந்து இரண்டடி வைப்பேன், வயிறு மறுபடி உட்கார வைத்துவிடும்.

முள் கிழித்த காலோடு நான் திரும்பியபோது மேளம் நின்றிருந்தது. மனையில் செல்வம் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் பாப்பா. இரண்டு காதிலும் தங்கக் கம்பி.

"நல்ல நேரம் முடியப் போச்சு தம்பி. ஒத்தக் காதோட பிள்ளைய எந்திரிக்க விடக்கூடாது. நான் என்ன செய்ய?" என்றார் ஆசாரி. அதை அவர் நேராகச் சொல்லவில்லை, சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். வலது காதைக் குத்தும்போதும் அதே நிலைமையில்தான் இருந்திருக்கிறார். கை குலுங்கி, துளை நன்றாக மேலே ஏறிவிட்டது.

அக்காவின் மாமியார் செல்வத்தின் மடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். கண் நிறைய நீர்.

"நீ செத்தே போறதா இருந்தாலும், இன்னொரு காதையும் குத்தி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்துட்டுச் செத்திருக்கலாம்லடா?"

அவமானமாக இருந்தது. இத்தனை கூத்திலும் உண்மையாகவே எனக்கு வலித்தது அந்த ஒரு கேள்விதான். அன்று கறிச்சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. (அம்மா இறக்கவும் விடவில்லை, ரசம்தான் ஊற்றினாள்.) அக்கா அடுத்த பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. அந்தச் செம்பில் இன்றுவரை யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

பாஸ்கரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கழிவு அம்புட்டும் வெளியேறிருச்சா? அதான் மாப்ள ரிசல்ட்டு!" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்துக் கூட்டத்தில், பசுமலையைச் சேர்ந்த ஒரு தாவரவியல் அறிஞரின் குடல் எப்படி முழுவதுமாகச் சுத்தமானது என்று என் கதையைச் சொல்லி நாலைந்து டப்பா விற்றிருக்கிறான்.

அதற்குப் பிறகு காவ்யாவுக்கு நடந்த எந்த விசேஷத்திலும் நான் தனியாகத் தாய்மாமனாக இருந்ததில்லை. மாலையை எடுத்துக்கொண்டு மேடையேறினால் செல்வமும் கூடவே ஏறுவான். "வலது காது என் பங்கு மாப்ள" என்பான். சொந்தச் சித்தப்பன் பாதி மாமனாகி நிற்பது எங்கள் சாதிசனத்திலேயே அவன் ஒருவன்தான். முதலில் அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவளே மாலை வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கத் தொடங்கினாள்.

போன வைகாசியில் காவ்யாவுக்குக் கல்யாணம். மேடையில் போட்டோகிராபர் "பொண்ணு தலைய நேரா வைங்க, நேரா வைங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் எப்போதும் படத்துக்குத் தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நிற்பாள். நேராக நின்றால் ஒரு ஜிமிக்கி மேலேயும் ஒன்று கீழேயும் தெரியும். மேடையில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் புரியாமல் முழித்தார்.

"ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று அவளைக் கேட்டார்.

கழுத்தில் மாலையோடு நின்ற என்னையும் செல்வத்தையும் காவ்யா கைகாட்டினாள். "இவரு என்னோட இடது காது மாமா. அவரு வலது காது மாமா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்னு நீங்களே சொல்லுங்க மாமா. மைக் வேணுமா?"