ஒட்டியது தெரியக் கூடாது

காரின் முன்மூடியில், இடது விளக்குக்குப் பக்கத்தில், பட்டாணி அளவில் ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. கர்னல் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார், அமுங்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் சம்பந்தி வீட்டார் வந்துவிடுவார்கள்.

கர்னல் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த முதுகுக்காகத் தெரு வைத்த பெயர் அது. குனிந்து பேசினால் குடும்பமே குனிந்ததாக ஆகும் என்பது அவர் கருத்து. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

தவறு தொலைபேசியில் நடந்தது. மகளின் சம்பந்தம் முடிவாகும் நேரத்தில், வருங்காலச் சம்பந்தியிடம் மார்தட்டிக்கொண்டார்.

"எங்க காருக்குப் பதினெட்டு வயசு. இன்னிக்கு வரைக்கும் பெயிண்ட் பட்டறை வாசலை மிதிச்சதில்லை. எங்க குடும்பமும் அப்படித்தான், சம்பந்தி. மேல்பூச்சு கிடையாது."

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. பிறகு, "நேர்ல வந்து பார்க்கிறேன்" என்று குரல் வந்தது.

பேசி முடித்துக் காரைப் போய்ப் பார்த்தார். வெள்ளைக் கார் பழுத்த பல் நிறத்தில் நின்றது. பெயிண்ட் அடித்தால் சொன்ன சொல் போச்சு. ஆனால் வினைல் என்கிற பிளாஸ்டிக் தாளை ஒட்டுவது பெயிண்ட் அடிப்பது ஆகாதே! அந்த நியாயம் அவருக்குப் பிடித்துப்போனது. நேரே ஸ்டிக்கர்காரர் கடைக்குப் போனார்.

"எல்லாரும் கலர் மாத்தத்தாங்க ஒட்டுவாங்க. வெள்ளை மேலேயே வெள்ளையா?" என்று ஸ்டிக்கர்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஒட்டினது தெரியக் கூடாது. யார் கேட்டாலும் ஒட்டலைன்னுதான் சொல்லணும். நானே கேட்டாலும்! வீட்டுக்குப் போன் கீன் பண்ணக் கூடாது."

கடன் வைக்கும் வழக்கம் குடும்பத்தில் இல்லாததால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து, காரையும் விட்டுவிட்டு வந்தார்.

வண்டியை எடுக்கப் போன அன்று கடைவாசலில் கார் கண்ணைப் பறித்தது. உள்ளே யாரோ ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார்.

"இன்னும் ஒட்டலைங்க ஐயா" என்றார் ஸ்டிக்கர்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கர்னலுக்குப் புல்லரித்தது. சொன்ன சொல் காப்பவன் இந்தக் காலத்திலும் இருக்கிறான்! தோளில் தட்டிக் கொடுத்து, ஆணியிலிருந்த சாவியைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினார் ஸ்டிக்கர்காரர்.

அன்றிலிருந்து வீட்டில் காருக்குத்தான் ராஜ உபசாரம். வெயில் ஆகாது, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் ஓரம் கிளம்பும், பறவை எச்சத்தை உடனே துடைக்க வேண்டும். ஸ்டிக்கர்காரர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்த பாடங்கள் இவை. கர்னல் குடையை விரித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கை ஓட்டினார். பால்காரர் ஒருநாள் கதவில் சாய்ந்து செருப்பைச் சரிசெய்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒருநாள் குடை பிடிச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"நீ வெயில்ல நின்னா உரிஞ்சா வரப்போற?"

அவ்வளவு பார்த்தும், வரக் கூடாத நாளில் வந்துவிட்டது கொப்புளம்.

ஊசியால் லேசாகக் குத்திக் காற்றை எடுத்து, அட்டையால் நீவ வேண்டும். அதுவும் பாடத்தில் உண்டு. மனைவியின் ஊசிப் பெட்டியைக் கிளப்பி வந்து குத்தினார். 'மொறுக்' என்றது. காற்று வரவில்லை, துரு போலப் பழுப்பாகப் பொடி உதிர்ந்தது.

"பசை காஞ்சு போச்சு" என்று தீர்மானித்தார். காய்ந்த பசைக்குச் சூடு காட்ட வேண்டும். மகளின் முடி உலர்த்தும் கருவி ஜன்னல் வழியே வெளியே வந்தது.

"அப்பா! அது என் டிரையர்!"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"என்னங்க, காருக்குத் தலை உலர்த்தி விடுறீங்களா? அப்படியே பூவும் வச்சு விடுங்க!" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

சூடு பட்டு, பட்டாணி அப்பளமாகியது. அட்டையால் அழுத்தி நீவினார். அப்பளம் நொறுங்கி, உள்ளங்கை அகலத்துக்குச் சில்லுச் சில்லாகக் கையோடு வந்தது. வெள்ளை ஷூவுக்குப் போடும் பாலிஷை எடுத்து வந்து அப்பினார். சுண்ணாம்பு பூசிய சுவர் போலத் தனியாகத் தெரிந்தது. கடைசியில் அதன்மேல் ஒரு துண்டை விரித்தார். காருக்கு ஜுரம் வந்து பற்றுப் போட்டது போல இருந்தது.

அப்போது கேட் திறந்தது.

சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்று சம்பந்தி தலைமேல் கையை வைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்து முடித்ததும் எழுந்தேவிட்டார்.

"எங்கே சம்பந்தி, அந்தப் பதினெட்டு வயசு அதிசயம்?"

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். சம்பந்தியின் கை துண்டை நோக்கிப் போனது. கர்னல் மகளைப் பார்த்தார். பிறகு முதுகை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்த்தினார். பொய்யை மூடிய துணியின்மேல் தன் பெண்ணின் வாழ்க்கை தொடங்கக் கூடாது.

துண்டைத் தானே உருவினார்.

"சம்பந்தி, நான் சொன்னது தப்பு. இது மேல்பூச்சுதான். வெளுத்துப் போன காருக்கு வெள்ளையா வினைல் ஒட்டி உங்களை ஏமாத்தப் பார்த்தேன். உரிஞ்சு வந்து மானத்தை வாங்கிடுச்சு. இனி நீங்க என்ன முடிவு சொன்னாலும் சரி."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுக்குக் கண் நிறைந்தது.

சம்பந்தி குனிந்து, சில்லு பெயர்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தன் கருகரு முடியைப் பிடித்து, தொப்பியைக் கழற்றுவது போலக் கழற்றினார். உள்ளே மண்டை பளிச்சென்றிருந்தது.

"மேல்பூச்சு கிடையாதுன்னு நீங்க போன்ல சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல சம்பந்தி! இதுவும் ஒட்டினதுதான்!"

"ஃபேனைப் பார்த்தாலே நடுங்குறாரு. நானும் எடுத்து வீசுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!" என்றார் சம்பந்தியம்மா.

முதலில் சிரித்தது கர்னல்தான். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த முதுகு வளைந்ததைத் தெரு அன்றுதான் பார்த்தது. சம்பந்திகள் இருவரும் தோளில் தோள் சாய்த்துக் காரின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு அங்கேயே நாள் குறித்தாயிற்று.

கேட்டருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆளுயரச் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்தபடி இறங்கினார் ஸ்டிக்கர்காரர்.

"போன் பண்ணக் கூடாதுன்னீங்க, அதான் நேர்லயே வந்துட்டேன் ஐயா. அன்னிக்கு வண்டியைக் கழுவி மட்டும்தான் வச்சிருந்தேன், அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டீங்க. உங்க வெள்ளை வினைல் இப்பதான் வந்திருக்கு, எப்ப ஒட்டலாம்?"