கஷாயத்தைச் சுற்றி ஒரு வட்டம்

"மூக்கைப் பிடிச்சிட்டு ஒரே மடக்கு, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை மூக்கைப் பிடித்தான். மடக்குதான் இறங்கவில்லை. வேலியோரச் செடியின் இலையைத் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஆளுக்கொரு பாட்டிலில் ஊற்றி வைப்பார் மாமியார். குடித்தால் உடம்பில் ஒரு கிருமி தங்காதாம். தங்காதுதான், அந்தக் கசப்புக்கு உயிரே தங்குவது கஷ்டம்.

மாமனார் மட்டும் தன் பாட்டிலை ரசித்துக் குடிப்பார். குடித்த கையோடு மனைவியின் சமையலைக்கூடப் பாராட்டுவார். "பழகிட்டா அமிர்தம் மாப்பிள்ளை" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாப்பிள்ளையின் பிழைப்பே இலைச்சாறுதான். மூலிகைச் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று ஆய்வகத்தில் சோதிப்பது அவன் வேலை. தட்டில் கிருமியை வளர்த்து, நடுவே சின்னக் குழி போட்டுச் சாற்றை விடுவான். சாற்றுக்குச் சக்தி இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி செத்து வெற்று வட்டம் விழும். அவன் கைபட்ட எந்த இலைக்கும் இதுவரை வட்டம் விழுந்ததில்லை. கிருமிகள் அவனிடம் தாய்வீட்டுக்கு வந்த பெண்களைப்போலக் கொழுத்துத் திரும்பின. துறைத்தலைவர் அவனைக் 'கிருமிக் காவலன்' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தத் தோல்வியையே முதலாகப் போட்டு, டம்ளரும் கையுமாக மாமியாரிடம் பேரம் பேசினான்.

"சோதிச்சுப் பார்த்துடறேன் அத்தை. கிருமி சாகலேன்னா எனக்கு இனிமே கஷாயம் கிடையாது."

"செத்தா?"

"ரெண்டு வேளையா குடிக்கிறேன்."

"மூணு" என்றார் மாமியார்.

உடனே ஒப்புக்கொண்டான். தோற்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற தைரியம்.

மறுநாள் எடுத்துப்போகத் தன் பாட்டிலைத் தேடினால் காலி. மாமியார் அசந்த நேரத்தில் அவனேதான் அதை வாஷ்பேசினுக்குக் குடிக்கக் கொடுத்திருந்தான். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பக்கத்திலிருந்த மாமனார் பாட்டிலைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளினான்.

சாற்றை ஊற்றும்போது வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. இலைகளைச் சாராயத்தில் ஊறவைத்து, சோதிக்குமுன் அந்தச் சாராயத்தை ஆவியாக விரட்டி விரட்டி ஆய்வகமே எந்நேரமும் அந்த நெடியில்தான் கிடக்கும். அவன் மூக்கு வேலையை ராஜினாமா செய்து வருஷக்கணக்காகிறது.

அடுத்த நாள் தட்டைத் திறந்தான். நடுவே பௌர்ணமி நிலா மாதிரி ஒரு வட்டம்.

மூடி மறைப்பதற்குள் தலைவர் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டார். "தண்ணியில காய்ச்சினதுக்கா இவ்வளவு பெரிய வட்டம்? சாராயத்துல ஊறினதுகூட இந்த வேலை செஞ்சதில்லையேய்யா" என்றவர், பூரிப்பில் வீட்டுக்கே போன்போட்டு மாமியாரைப் பாராட்டிவிட்டார்.

மாலையில் மேஜைமேல் மூன்று டம்ளர்கள் வரிசையாக நின்றன. அன்றைக்கான பாக்கியாம்.

மாப்பிள்ளை விடவில்லை. அதே செடியில் இலை பறித்துத் தானே காய்ச்சி, தானே சோதித்தான். வட்டமில்லை, பொட்டுகூட இல்லை. தோற்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிவந்து தட்டை நீட்டினான். மாமியார் அதைத் தோசையைக் கருக்கிய மருமகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்ல மாப்பிள்ளை."

தலைவரும் அதையேதான் சொன்னார். பக்குவத்தைக் கையோடு கற்றுக்கொள்ள வேண்டுமென்று, மாமியாரையே ஆய்வகத்துக்கு வந்து காய்ச்சிக் காட்டச் சொல்லி அழைப்பும் விட்டார். பகல் வேளைக் கஷாயத்தை ஆய்வகத் தொட்டியில் கொட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை போட்டிருந்த கணக்கும் அதோடு போயிற்று. எந்தத் தடையையும் இன்னும் பெரிதாக்காமல் தன்னால் தாண்டவே முடியாதா என்று அவனுக்கே தன்மேல் ஒரு வியப்பு வந்தது.

மறுநாள் காலை மாமியார் பாத்திரமும் இலைக்கட்டுமாகக் கிளம்பி வாசலில் நின்றார். மாப்பிள்ளை செருப்பை மாட்டும்போது மாமனார் அவனை மெல்ல ஓரங்கட்டினார். பாவம், பாட்டில் காணாமல் போனதிலிருந்து மனுஷன் முகத்தில் களையே இல்லை. சமையலைப் பாராட்டுவதையும் நிறுத்தியிருந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று மாப்பிள்ளை குனிந்தான்.

"அந்தப் பாட்டில்ல மிச்சமிருந்தா கொடுத்துடுங்க மாப்பிள்ளை" என்று காதோடு சொன்னார் மாமனார். "அதுல கஷாயம் நிறத்துக்கு ஒரு மூடிதான், மீதியெல்லாம் உங்க அத்தைக்குத் தெரியாம நான் வச்சிருந்த பிராந்தி."