தலை கவிழும் கிடார்

லக்ஷ்மிநாராயணன் இடது கையை எடுத்தார். பேஸ் கிடாரின் தலை சரேலென்று கீழே இறங்கி ஃபிரிட்ஜ் கதவில் 'டங்'கென்று முட்டியது. குனிந்து எண்ணிப் பார்த்தார். இதோடு ஏழு சொட்டை.

"எட்டு," என்றாள் சமையலறையில் இருந்த சியாமளா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "காய்கறித் தட்டுப் பக்கம் ஒண்ணு இருக்கு பாருங்க."

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். லக்ஷ்மிநாராயணனுக்கு அது மானப் பிரச்சினை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருடமாக அவருக்கு வேலையே சுழலும் பம்புகளைச் சமன்படுத்துவதுதான். ஆள் உயரப் பம்பு அவர் கைபட்டால் தூங்கும் குழந்தையாகிவிடும். ஓடும் பம்பின் மேலே நாணயத்தைச் செங்குத்தாக நிற்க வைத்துக் காட்டியவர். அப்பேர்ப்பட்டவர் தோளில் ஒரு மரக்கட்டை தலை கவிழ்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் நகரியத்து மனமகிழ் மன்றத்தில் சும்மா கிடந்த அந்த கிடாரின் தடித்த கம்பியை விளையாட்டாகத் தட்டிப் பார்த்தார். அந்த ஒலி காதுக்கு வரவில்லை. தரை வழியாக ஏறி நேரே வயிற்றுக்குள் வந்தது. பக்கத்து நாற்காலி நடுங்கியது. வாழ்நாள் முழுக்க அதிர்வை அடக்கியே பழகிய மனிதர் முதல்முறையாக ஓர் அதிர்வை அடக்காமல் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார். அன்றைக்கே மன்றத்து வாத்தியக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் பயிற்சி. ஆகவே சியாமளாவுக்குத் தெரிந்ததெல்லாம் தினமும் மாலையில் ஃபிரிட்ஜ் முன்னால் சத்தமில்லாமல் தலையாட்டும் ஒரு கணவர்தான். அவர் வாசித்து அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்த மாதக் கடைசியில் ஓய்வு. சனிக்கிழமை பிரிவுபசார விழா. அதில் நாலாவது பாட்டில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் நின்றுவிட, தடித்த கம்பி மட்டும் நாலு தாளம் தனியாக அதிரும். கம்பியை அழுத்த வேண்டாம் என்பதால் அந்த நாலு தாளத்துக்கு இடது கைக்கு வேலை கிடையாது. அப்போது அந்தக் கையை உயர்த்தி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் சியாமளாவைப் பார்த்து ஆட்டவேண்டும். ஃபிரிட்ஜில் பாட்டுப் பட்டியலை ஒட்டி, நாலாவதைச் சுழித்து வைத்து, தினமும் கையைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுதான் அவர் ஆசை. முப்பது வருடமாக அலுவலகப் பேருந்து கிளம்பும்போது அவள் கேட்டருகில் நின்று கையாட்டுவாள். அவருக்கு ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் பேருந்துக் கம்பி, ஜன்னலில் நாலு சகாக்கள். ஒரு நாளும் திருப்பி ஆட்டியதில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஆட்டினால் அதற்கு மதிப்பில்லை என்பது அவர் கட்சி.

"கையை எடுக்காம வாசியேன்," என்றார் ஒத்திகையில், கீபோர்டு வாசிக்கும் ஜானகிராமன். அவர்தான் குழுவின் தலைவர்.

"எடுத்தாகணும்."

"எதுக்கு?"

"எடுத்தாகணும்னா எடுத்தாகணும்."

கிடாரைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வால் பக்கம் நானூறு கிராம் வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போனார். அங்கே சின்னையன் படகு நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"வலைக்குக் கட்டற ஈயக்குண்டு கொஞ்சம் வேணும்ப்பா."

"இன்னா சார், இன்னாத்தப் புடிக்கப் போற?"

"கிடார்."

சின்னையன் கடலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அது எத்தினி பாகம் ஆழத்துல கீது சார்?"

ஈயக்குண்டுகளை ஒரு பழைய சாக்ஸில் போட்டு வாலில் கட்டியதும் கிடார் மட்டமாக நின்றது. லக்ஷ்மிநாராயணன் அதைச் சுற்றிவந்து கும்பிடாத குறையாகப் பார்த்தார். ஆனால் வாசிக்க ஆரம்பித்ததும் சாக்ஸ் ஊஞ்சலாடி, தாளத்துக்கு ஒரு அடி என்று தொடையில் வைத்தது. மன்றத்து ஒத்திகையில் ஜானகிராமன் பாட்டை நிறுத்தினார்.

"யாருப்பா அது சலங்கை கட்டிட்டு வந்திருக்கறது?"

அடுத்த நாள் கிடாரின் முதுகு மூடியைக் கழற்றி ஈயத்தை உள்ளேயே அடைத்தார். சாக்ஸ் போயிற்று. ஈயம் ஒயரில் உரசி 'உர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் வந்தது.

"இங்க மாவு மில்லு எதுவும் இல்லையே," என்றார் ஜானகிராமன்.

ஈயத்தைத் துணியில் சுற்றி மறுபடி அடைத்தார். இரைச்சல் நின்றது, பொட்டலம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடார் தாம்பாளத் தட்டு மாதிரி மல்லாந்து கூரையைப் பார்த்தது. அதை நிமிர்த்த முன்பக்கம் கொஞ்சம் ஈயம். அதனால் தலை மறுபடி கவிழ்ந்தது. அதற்காகப் பின்பக்கம் இன்னும் கொஞ்சம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிக்கொண்டே இருந்தது. நாலரைக் கிலோ கிடார் வியாழக்கிழமை ஏழு கிலோவானது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் இடது தோள் தாழ்ந்தபடியே பேருந்து ஏறினார்.

அன்று மாலை சியாமளா தைலம் தேய்த்துவிட்டாள். "ஊர்ல இருக்கற மெஷினையெல்லாம் நிமிர்த்திட்டு வந்து நீங்க கோணிக்கிட்டு நிக்கறீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஈயம் முழுவதையும் எடுத்துச் சின்னையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "மாட்டலியா சார்?" என்று சின்னையன் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார். கையை உயர்த்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். முப்பது வருடம் ஆட்டாத கை, இனியா ஆட்டப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கிடாரைத் துடைத்து உறையில் போட்டார்.

சனிக்கிழமை மேடைக்குப் பின்னால் கிடாரின் வார்ப்பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தபோது சியாமளா வந்தாள். அவள் அங்கெல்லாம் வருகிறவளே அல்ல.

"காலர் மடங்கியிருக்கு. அசையாம நில்லுங்க."

பின்னால் நின்று தோள்பட்டையில் என்னவோ இழுத்துவிட்டாள், நீவிவிட்டாள். பக்கத்தில் முனியம்மா காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மன்றத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். அவள் பார்க்கிறாளே என்று லக்ஷ்மிநாராயணனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "போதும், போதும்," என்று மேடைக்கு ஓடினார்.

நாலாவது பாட்டு. அந்த இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நின்றன. அவர் தடித்த கம்பியை மீட்டினார்.

அரங்கம் முழுவதும் அந்த ஒலி தரைக்கடியிலிருந்து எழுந்தது. சிறப்பு விருந்தினர் முன்னால் இருந்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை. அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டு காற்றைப் பார்த்தது. லக்ஷ்மிநாராயணன் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். சியாமளா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபுர தரிசனத்தின்போது மட்டும் அவள் முகத்தில் அவர் பார்த்திருக்கிற ஒரு களை இப்போது அங்கே இருந்தது.

அவர் தன்னை மறந்தார். இடது கை தானாக மேலே போயிற்று. உச்சிக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு 'டங்'குக்காகக் காத்திருந்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

கண்ணைத் திறந்தார். கிடார் இருந்த இடத்திலேயே மட்டமாக நின்றது. சியாமளா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தங்களுக்குத்தான் விடை சொல்கிறார் என்று நினைத்து அரங்கமே எழுந்து கையாட்டியது. சிறப்பு விருந்தினரும் ஆட்டினார்.

பாட்டு முடிந்து மேடைக்குப் பின்னால் வந்ததும் ஜானகிராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஈயத்தையெல்லாம் எடுத்துட்டேன்னியே. எப்படிப்பா நின்னுது?"

லக்ஷ்மிநாராயணனுக்கும் அது புரியவில்லை. ஆனால் முப்பது வருட அனுபவம் சும்மா இருக்குமா? மெல்லக் கனைத்துக்கொண்டார்.

"சில பம்பு அப்படித்தான் ஜானகிராமன். மெதுவா ஓடறப்ப உதறும். ஒரு வேகத்தைத் தாண்டிட்டா தன் மையத்தைத் தானே கண்டுபிடிச்சுக்கும். வாசிப்பும் ஒரு நிலையைத் தாண்டணும். தாண்டிட்டா கருவியே அடங்கி நின்னுடும்."

ஜானகிராமன் கை கூப்பிவிட்டார். "நீ எங்கயோ போயிட்டப்பா."

இதற்கு அடக்கமாகத் தலையசைத்துவிட்டு, லக்ஷ்மிநாராயணன் கிடாரைத் தலைவழியாகக் கழற்றினார். கூடவே சட்டையும் வந்தது. மேல் பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது. கிடாருக்குள் பாதியும் சட்டைக்குள் பாதியுமாக அவர் மாட்டிக்கொண்டு நிற்க, முனியம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து வாருக்கு அடியில் கையை விட்டாள்.

"இரு சார், இழுக்காத, கிழிஞ்சிடும். 'நாலாவது பாட்டுல எனக்குக் கை காட்டுவாரு, அப்ப அது கவுந்துடக் கூடாது'ன்னு அம்மாதான் பட்டையையும் சட்டையையும் சேத்து ஊக்கு குத்தி வுட்டுக்கீறாங்க."