கோடிச் சேலையும் நாலு போல்ட்டும்

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து சேராமலே ஒரு பெண்ணின் உடலைத் தூக்க வைத்தவன் நான். கொலைக் குற்றம் செய்திருந்தால்கூட இத்தனை வருடத்தில் நன்னடத்தை என்று சொல்லி வெளியே விட்டிருப்பார்கள். இதற்கு விடுதலை கிடையாது. எல்லாம் நாலு போல்ட்டால் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குக் கலியாணமாகி ஐந்து மாதம். எங்களுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே ஆபீஸ் என்றால் தொழிற்சாலை. மேஜை நாற்காலி தேடாதீர்கள்.) மாமனார் கடம்பூர்க்காரர், கரிசலில் உளுந்தும் பாசியும் போடுகிறவர். அவரிடம் ஒரு கார் இருந்தது. ஐம்பதுகளில் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அவருடைய அப்பா வாங்கியது. மாமனாரின் அக்கா கலியாணமாகி நாகலாபுரத்துக்குப் புகுந்த வீடு போனது அதில்தான். மாமனார் அந்தக் காரைத் தினமும் துடைப்பார். வருஷத்துக்கு நாலு தடவை ஓட்டுவார். நாலு தடவையும் அக்கா வீட்டுக்கு.

நாங்கள் கடம்பூரில் தங்கியிருந்த சமயம், துடைப்பதற்காக அவர் வண்டியை வெளியே எடுத்தபோது பின்சக்கரத்துக்கு மேலே கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தேன். வில்லாக வளைந்த பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கிற போல்ட்டுகள் நாலும் தேய்ந்து கிடந்தன.

"நானே வாங்கி மாட்டிருதேன் மாமா" என்றேன். (புது மாப்பிள்ளைக்குத் தெரியாத தொழில் உலகத்தில் ஏது?)

"மெக்கானிக்கு வரட்டுமே மாப்ள" என்று இழுத்தார்.

"இதுக்குப் போயி மெக்கானிக்கா? எங்க ஆபீஸ்ல மிஷினையே நான்தான் கழத்தி மாட்டுதேன்."

அது பொய். எங்கள் ஆபீஸில் நான் கழற்றி மாட்டியது என் சட்டையை மட்டும்தான்.

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டுப் போல்ட்டுக் கடையில் அண்ணாச்சி பழைய போல்ட்டை விரலில் உருட்டிப் பார்த்தார். "இது இஞ்சுக் கணக்கு மரைல்லா" என்று உள்ளே போய் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் கன்னங்கரேலென்று எண்ணெய் பூசிய போல்ட்டுகள், தலையில் ஆறு கோடு. இன்னொன்றில் வெள்ளி மாதிரி மினுங்கும் போல்ட்டுகள், தலை மழமழவென்று இருந்தது.

"பட்டைக்குன்னா இந்தக் கறுப்ப எடுத்துட்டுப் போங்க தம்பி. ஹைடென்சில். தலைல இந்தக் கோடு இருந்தாத்தான் வலு."

"அப்ப இது?"

"அது வாசல் கேட்டுக்கும் கட்டிலுக்கும் போடுதது."

இந்த இடத்தில் என் வளர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்து ஆபீஸில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்று: தலை கறுத்த குச்சி கழிவு. ஈரம் பட்டு மருந்து கறுத்த குச்சிகளைப் பொறுக்கித் தனியே போட வேண்டும். அந்தக் கழிவை எங்கப்பா, "காத்துலயும் அணையாத குச்சியாக்கும், தலையப் பாத்தாலே தெரியலையா?" என்று ஏமாந்த கடைக்காரர் யாரிடமாவது தள்ளிவிடுவார். குறையையே பெருமையாகச் சொல்லி விற்பது எங்கள் வீட்டு வித்தை. இங்கே கறுத்த தலை, அதில் கீறல், அதற்கு ஒரு புகழுரை. யாரிடம் காட்டுகிறார் வேலையை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"கழிவை என் தலைல கட்டப் பாக்கியளா அண்ணாச்சி? அந்த வெள்ளையவே போடுங்க."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வண்டி யாருது?"

"மாமனாருது."

"அப்ப சரி" என்று நாலையும் தாளில் மடித்துத் தந்தார்.

அரை நாள் போராடி மாட்டினேன். கீச்சுச் சத்தம் போய்விட்டது. மாமனார் குனிந்து பார்த்து, "பளபளன்னு இருக்கு மாப்ள" என்றார். அன்று சாயங்காலம் எனக்குப் போளி இரண்டு கூடுதலாகக் கிடைத்தது.

எட்டாம் நாள் காலையில் நாகலாபுரத்திலிருந்து சேதி வந்தது. மாமனாரின் அக்கா இறந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குத் தூக்குகிறார்கள். எங்கள் பக்கம் பெண் இறந்தால், உடன்பிறந்தவன் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுபோய்ப் போர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும். அந்த அக்காவுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு என் மாமனார்.

"அக்கா இந்த வண்டியிலதான் போனாவ. கோடியும் இதுலயே போகட்டும்" என்றார். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், மடியில் அரக்கு நிறப் பட்டுச் சேலை. பின்னால் என் மாமியாரான அத்தையும் மனைவியும்.

விளாத்திகுளம் தாண்டி ஒரு பள்ளம். முந்தின நாள் மழைத்தண்ணீர் அதை மூடியிருந்தது. வண்டி இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே இன்னொன்று. பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அச்சு ஒரு பக்கமாக விலகி, டயர் மட்கார்டில் சிக்கிக் கிடந்தது. இரண்டு போல்ட்டுகள் சாக்பீஸ் மாதிரி ஒடிந்திருந்தன.

செல்போன் இல்லாத காலம். சொல்லியனுப்ப ஆளில்லை. இரண்டு பக்கமும் ஈரக் கரிசலும் வேலிக்கருவையும்தான். நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன், எழுந்தேன், மறுபடியும் படுத்தேன். எதையும் சரிசெய்வதற்காக அல்ல. மாமனார் முகத்தைப் பார்க்காமலிருக்க அதுதான் வசதியான இடம்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் அவர் நடக்கத் தொடங்கினார். கரிசல் மண் செருப்பில் அப்பி அடிக்கு அடி கனத்தது. செருப்பை வீசிவிட்டு வெறுங்காலோடு போனார். நாங்கள் மூவரும் அவர் பின்னாலேயே நடந்தோம். கடைசியில் ஆடு ஏற்றிக்கொண்டு போன ஒரு வேன் நின்றது. பெண்கள் இருவரும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நாங்கள் பின்னால் ஆடுகளுக்கு நடுவே நின்றோம். மாமனார் சேலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு கிடாய் எம்பி முந்தானையைக் கவ்வியது. நான் அதன் வாயிலிருந்து பிடுங்கினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஊருக்கு வெளியே பாடை எதிரே வந்தது. மணி மூன்று. அவ்வளவு நேரம் காத்திருந்தும் நாங்கள் வராமல், மழையும் இருட்டிக்கொண்டு வரவே, புகுந்த வீட்டுச் சேலையைப் போர்த்தித் தூக்கிவிட்டிருந்தார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் வந்த அக்கா மகன் எங்களைப் பார்த்ததும் நின்றான்.

"எங்கம்மைக்குப் பொறந்த வீடே இல்லன்னுல்லா நெனச்சோம் மாமா."

மாமனார் பாடையை ரோட்டில் இறக்கச் சொன்னார். ஆடு கடித்த முந்தானையை உள்பக்கமாக மடித்து அக்காவின் மேல் போர்த்தினார். "வண்டி பழசு மருமவனே. பாதியில நின்னுட்டு" என்று அக்கா மகனிடம் சொன்னார். அந்தக் காரைப் பற்றி அவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் வண்டியைத் தூக்கிக் கட்டும்போது, சேற்றில் கிடந்த ஒடிந்த போல்ட்டை எடுத்து வேட்டியில் துடைத்தார். "இப்பவும் பளபளன்னுதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பிறகு அவர் அந்தக் காரை வெளியே எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு போக அக்கா வீடும் இல்லை.

பத்து வருடம் கழித்து மாமனாரும் போய்விட்டார். மாமனார் இறந்தால் மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் கோடி போட வேண்டும்; நான் எங்கள் வீட்டுக் கோடி வேட்டியோடு கடம்பூருக்கு ஓடினேன். தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழுகை நின்றது.

"எதுல வந்திய மாப்ள?"

"பஸ்ஸுல அத்தை."

"அவியதான் கேக்கச் சொன்னாவ. எனக்குக் கோடி எடுத்துட்டு வந்தா மாப்ள எதுல வந்தாருன்னு மறக்காமக் கேளுன்னு, போன வாரமே சொல்லிட்டாவ."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திப் பார்த்தார்கள். போல்ட்டுக் கதை அதற்குள் சொந்தமெல்லாம் பரவியிருந்தது. அடக்க முடியவில்லை. வீடே சிரித்தது. அத்தையும் சிரித்தார். நான் மட்டும் கோடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போதும் சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் "எதுல வந்திய?" என்றுதான் கேட்கிறார்கள். என்னிடம் நல்ல கார் இருக்கிறது. தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.