டெம்போவும் ஆனைமலை மிளகாயும்

பெரியநாயக்கன்பாளையம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் வேங்கடசாமி அவர்களுக்கு, தங்கச்சி மாப்பிள்ளை நஞ்சுண்டன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆனைமலையில் தாங்களும் அக்காவும் தென்னைகளும் சுகமாயிருக்க மாசாணியம்மன் துணை. இங்கு நான் சுகமில்லை. போனில் பேசினால் குரல் தானாக ஏறிப்போகிறது. காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் தங்கள் காதில் விழாது என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். மூலைவீட்டு அருள்குமார் தன் டெம்போவைத் தினமும் எங்கள் கேட்டை மறித்து நிறுத்துகிறான். ஸ்கூட்டரை எடுக்க வரும் நான் அதைப் பார்த்ததும் கத்துவேன். திங்கட்கிழமை கத்திய கத்தலில் பால்காரர் பால் ஊற்றாமலே போய்விட்டார். பாலில்லாமல் காப்பி எப்படி என்று அதற்கும் சாந்தாமணியைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் தங்கச்சி உடனே பையை எடுத்தாள். "ஏனுங்க, நான் எங்கண்ணனூட்டுக்குப் போறனுங்க. கோயில்ல மொளகா அரைச்சுப்போட்டுத்தான் வருவேன்" என்றாள். யாருக்கென்று சொல்லவில்லை. அநியாயம் செய்தவனை அம்மன் பார்த்துக்கொள்ளட்டும் என்று மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் அப்புகிற ஊரில் பெண்ணெடுத்தவன், யாருக்கு என்று கேட்கவா வேண்டும்? அன்று மதியமே எனக்குக் கண் எரிந்தது. அரைச்சுப்போட்டாளே என்று நடுங்கிப்போனேன். அப்புறம் பார்த்தால் வெங்காயம் அரிந்த கை.

மகள் லோகப்பிரியாவிடம் போனில் புலம்பினேன். "கோவம் வந்தா வாயில தண்ணிய ஊத்திக்கோங்கப்பா. எதிராளி ஏன் அப்படிப் பண்றாருன்னு ரோசனை பண்ணுங்க" என்றாள். அன்றிலிருந்து சொம்பும் கையுமாக ஆகிவிட்டேன். பேப்பர் சாக்கடையில் விழுந்தது, ஒரு சொம்பு. கரண்ட் போனது, ஒரு சொம்பு. உக்கடம் பஸ்ஸில் என் காலை மிதித்தவர் என்னையே முறைத்தார், பாட்டிலே காலி. அதற்குப் பிறகு கோபமெல்லாம் இல்லைங்க மச்சான், பஸ் எப்போது நிற்கும் என்கிற ஒரே நினைப்புதான்.

நேற்று காலை மறுபடியும் டெம்போ. நிறைசொம்போடு அருள்குமார் முன்னால் போய் நின்றேன். "எனக்குங்களாண்ணா?" என்று வாங்கி, மொத்தத்தையும் அவன் குடித்துவிட்டான். தண்ணியும் போச்சு, திட்டக் கொண்டுபோன வார்த்தையும் போச்சு. வேறு வழி தெரியாமல், "ஏப்பா, எங்கூட்டு முன்னால எதுக்கு நிறுத்தறே?" என்று சாதாரணமாகக் கேட்டேன். இத்தனை நாள் கத்தலில் அதை மட்டும் கேட்டதே இல்லைங்க.

"வெடியால நேரத்துல எங்கூட்டு முன்னால வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா பாப்பா எந்திரிச்சுக்குதுங்ணா. இங்க பண்ணுனா அதுக்குக் கேக்காது. நீங்க கத்துனாத்தான் கேக்குது."

"அழுவுதா?"

"சிரிக்குதுங்ணா."

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். போய்ப் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்தது, ஒரு வாய் தண்ணீர்கூட எனக்குத் தேவைப்படவில்லை. இனிமேல் கேட்டை விட்டுத் தள்ளி நிறுத்துகிறேன் என்று அருள்குமாரும் சொல்லிவிட்டான்.

ஆகவே மச்சான், நான் திருந்திவிட்டேன். சாந்தாமணி இன்னும் அரைக்கவில்லையென்றால் கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள். அவளில்லாமல் வீடு வீடாகவே இல்லைங்க. கத்தவும் ஆளில்லை, நான் கத்தாமல் இருப்பதைப் பார்க்கவும் ஆளில்லை. அக்காவுக்கு என் வணக்கமும், குழந்தைகளுக்கு என் ஆசியும், உங்கள் தங்கச்சிக்கு என் மன்னிப்புக் கோரலும் சேர்ப்பிக்கவும்.

தாழ்மையும் பொறுமையும் உள்ள,
நஞ்சுண்டன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சாந்தாமணியே வந்து இறங்கிவிட்டாள்.

"அரைச்சுப்போட்டியா, அம்மணி?"

"நல்லா நைசா அரைச்சனுங்க."

"எனக்கா?"

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களைத் தினம் கத்த வெக்கறானே, அந்த டெம்போக்காரனுக்குங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை வெங்காயம் இல்லை. அந்த நேரம் பார்த்து வெளியே அருள்குமார், "அண்ணா, தள்ளி நிறுத்தலாம்னு எடுத்தா வண்டி அசைய மாட்டேங்குதுங்ணா!" என்கிறான். எங்கள் கேட்டுக்கு நேராக கியர் இறுகிக்கொண்டது. பார்ட்ஸ் வந்தால்தான் நகருமாம். உங்கள் தங்கச்சி வாசலில் போட்ட சத்தம் மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். மூலைவீட்டில் பாப்பா சிரிக்கிறது. நான் சொம்போடு அவள் பின்னால் நிற்கிறேன். தாங்கள் உடனே கோயிலுக்குப் போய் மிளகாய் எரிச்சல் தணிய அம்மனுக்கு ஒரு எண்ணெய்க்காப்பு செய்து, டெம்போவை மன்னித்துவிடச் சொல்லுங்கள். என் ஸ்கூட்டர் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதுங்க.