இடியாப்பச் சில்லில் எரிந்த வாயு அடுப்பு

படிப்பு எல்லோரையும் கெடுத்துவிடாது. வேதியியலில் தேறிவிட்டு, வீட்டில் ஓர் அடுப்பும் வைத்திருப்பவனைத்தான் கெடுக்கும். என்னிடம் இரண்டும் இருந்தன.

மகாராஜா ஆண்ட அந்த முப்பதுகளில் தக்கலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான ஆசிரியன். கல்யாணமாகி ஒரு வருடம். அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டின் அடுக்களையில் புகை போக வழி கிடையாது. என் மனைவி எஸ்தருக்கு அப்போது ஐந்தாம் மாதம். அடுப்பை ஊதுவதும் இருமுவதுமாக அவள் நாள் முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"கூரையில ஒரு புகைக்கூண்டு வைக்கப் படாதா? எங்க அப்பா வந்தா அரை நாள்ல கெட்டித் தருவாவ."

அவள் அப்பா திருவட்டாறில் பேர்போன கொத்தனார். பட்டம் பெற்ற மருமகன், கரண்டி பிடித்த மாமனாரிடம் போய் உதவி கேட்பதா?

"புகைக்கூண்டு புகைக்குப் பயந்தவனுக்கு. நான் புகையே இல்லாத அடுப்பு செய்யப்போறேன்" என்றேன். (இதே சொற்கள்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.)

சீமையில் குழாயைத் திருகினால் நிலக்கரி வாயு வந்து நீலமாக எரியும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அவர்களுக்கு நிலக்கரி என்றால் நமக்குச் சிரட்டை. மண்ணெண்ணெய் டின்னில் சிரட்டையை நிரப்பி, மூடிக்குக் களிமண் பூசி, அடியில் சூடேற்றினால் வாயு வரும். அதைக் குழாய் வழியே கொண்டுபோய், துளைகள் போட்ட ஒரு வட்டத் தகட்டின் வழியாக எரித்தால் தீர்ந்தது விஷயம். அந்தத் தகட்டைப் படம் வரைவதிலேயே இரண்டு வாரம் போயிற்று. பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள் திருத்தப்படாமல் கிடந்தன. தகரக்காரர் என் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாரே, இது பூவாளியா?" என்று கேட்டார்; செய்து தர ஒரு மாதம் ஆகும் என்றார். உலகம் மேதைகளை இப்படித்தான் நடத்தும் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. மகள் இருமுகிற செய்தி யார் வழியாகவோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் வருகிறார். புகை நின்றபாடில்லை என்றால் பிரசவம் வரைக்கும் காத்திராமல் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எஸ்தர் இல்லாத அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அடுக்களைக்குள் போய்த் தகடு தேடினேன்.

கண்ணில் பட்டது இடியாப்ப நாழியின் பித்தளைச் சில்லு. அழகான வட்டம், வரிசை தப்பாத துளைகள். எடுத்துக் குழாயின் வாயில் பொருத்திவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் விறகடுப்பின் மேல் டின் ஏறியது. எஸ்தர் குனிந்து டின்னின் அடியில் பார்த்தாள்.

"டின்னுக்கு அடியில விறகு எரியணுமா?"

"ஆமா. அப்பதான் வாயு வரும்."

"வாயு வந்து?"

"அதில சமைக்கணும்."

"அந்த விறகுலயே சமைச்சா என்ன?"

"விஞ்ஞானத்துல இப்படிக் குறுக்கே பேசப்படாது" என்றேன். "அப்பாவுக்கு இடியாப்பம் அவிக்கணும், சில்லைக் காணல்லியே" என்று முணுமுணுத்தபடி அவள் முற்றத்துப் பக்கம் தேடப் போனாள். நான் குழாயின் வாயை மறைத்து நின்றுகொண்டேன்.

மட்டி வாழைப்பழக் குலையைத் தோளில் சுமந்துகொண்டு மாமனார் உள்ளே நுழைந்த அதே நேரத்தில் சில்லின் மேல் தீக்குச்சியைக் காட்டினேன். எரிந்தது! நீலமாகவே எரிந்தது!

"மாமா, ஓடி வாருங்கோ!" என்று கத்திக்கொண்டே அடுக்களை வாசலுக்கு ஓடினேன். அவர் வந்தார். இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். சுடர் சிறுத்தது. சில்லின் துளைகளுக்குள் மெல்ல இறங்கி மறைந்தது.

நெருக்கமான வலைக்கண் வழியாகத் தீ புகாது என்றும், கண் பெரிதானால் புகுந்துவிடும் என்றும் புதன்கிழமைதான் வகுப்பில் நடத்தியிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையனைக் கேட்டிருந்தால்கூட இடியாப்பத் துளை வழியாகத் தீ உள்ளே போய்விடும் என்று சொல்லியிருப்பான். டின்னில் இருந்த காற்று முழுக்க வெளியேறும் வரை பொறுக்காமல் நான் பற்றவைத்ததும் சேர்ந்துகொண்டது.

டமார்!

மூடி நேராக மேலே போயிற்று. கூரையைப் பிளந்துகொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் புளியமரத்தில் விழுந்தது. ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. நான் தலை முதல் கால் வரை கரி. முற்றத்திலிருந்து எஸ்தர் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். என்னை முழுசாகப் பார்த்தவுடன் அழுதாள், பிறகு கரியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று.

மாமனார் குலையை இறக்கி வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். கூரையில் விழுந்த பொத்தலுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சிதறிக் கிடந்த விறகிலிருந்து எழுந்த புகை நூல் பிடித்ததுபோல் அந்தப் பொத்தல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றார். "இடம் சரியாத்தான் பாத்திருக்கீரு மருமவனே. நானும் இங்கதான் உடைச்சிருப்பேன்."

சாயங்காலத்துக்குள் அதே இடத்தில் புகைக்கூண்டு எழும்பிவிட்டது. பட்டதாரியான நான் சாந்து சுமந்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் காலைப் பலகாரம் மட்டிப்பழம்தான். சில்லில் ஒட்டிய சிரட்டைத் தார் மூன்று நாள் புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மாமனார் தனியாகவே ஊர் திரும்பினார். வழக்கப்படி ஏழாம் மாதத்தில்தான் வந்து மகளை அழைத்துப் போனார்.

அந்தப் பிரசவத்தில் பிறந்த மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் கடைச் சாமான்களைக் குறித்துக்கொள்ள நான் பென்சிலைக் கையில் எடுத்தால் போதும், "அம்மா, அப்பா பென்சில் எடுத்தாச்சு!" என்று அவள் குரல் கொடுப்பாள். எஸ்தர் மறுபேச்சில்லாமல் எழுந்து உள்ளே போய், இடியாப்பச் சில்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்காருவாள்.